மரத்துக்குத் திரை

அக்டோபர் கடைசி.
தேனீக்கள் வேலையை முடித்துக்கொண்டு போயாயிற்று.
கட்டைவிரல் நகமளவு பீச் பிஞ்சுகள்,
மேலெல்லாம் பூனைக்குட்டி மயிர்.
கடைக்காரன் கை விரித்தான்:
ஷெப்பர்ட்டன் முழுக்க வலை தீர்ந்துவிட்டது,
லாரி வர மூன்று வாரமாகும்.
மூன்று வாரம் பொறு என்று
பழ ஈயிடம் யார் சொல்வது?

வீட்டுக்கு வந்து முன்னறை ஜன்னல் திரைகளைக் கழற்றினேன்.
வெள்ளை வாயில் துணி, ஆறு துண்டு.
பூதக்கண்ணாடியும் ஸ்கேலுமாக உட்கார்ந்து
நெசவின் கண்களை அளந்தேன்.
ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. போதும்.
தைத்துத் தைத்து ஒரே விரிப்பாக்கி
துடைப்பக் கட்டையால் தூக்கி
மரத்தின் தலையில் போட்டேன்.
அடிமரத்தில் சுருக்கி, பழைய காலுறையால்
இறுக்கிக் கட்டினேன்.
விரல் நுழையும் சந்து போதும்
அவளுக்கு அது வாசல்.

அன்றிலிருந்து மரத்துக்குத் திரை உண்டு,
எனக்கு இல்லை.
லிரியே சாலி இரவு ஒன்பது மணிக்கு
நின்றபடியே ரொட்டி தின்கிறாள்,
தொலைக்காட்சிச் செய்திக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறாள்,
ஒற்றைச் செருப்போடு இன்னொன்றைத் தேடுகிறாள் என்பதெல்லாம்
நாய் நடத்திப் போகிறவர்களுக்கும் தெரியும்.

பொறியும் ஒன்று தொங்கவிட்டேன்.
திங்கள்தோறும் எண்ணினேன்.
ஏழு. பதினொன்று. இருபத்து நான்கு.
அத்தனையும் ஆண்.
அந்த வாசனைக்கு ஆண்தான் மயங்குமாம்.
தொழிற்சாலையில் என்னோடு டப்பா அடைக்கும் லோசா
தொப்பி கழன்று விழச் சிரித்தாள்:
"ஊசி வைத்திருக்கிறவள் வெளியே சுற்றுகிறாள்,
நீ அவள் புருஷன்மாரை எண்ணிக்கொண்டிருக்கிறாய்."

டிசம்பரில் பக்கத்து வீட்டு டக்வெல்
குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார்.
ஆம்புலன்ஸ் போனது.
அவருடைய பிளம் மரத்துக்கு அது தெரியாது.
அது பாட்டுக்குக் காய்த்தது, கனிந்தது,
தொப் தொப்பென்று புல்லில் போட்டது.
ஒன்றை எடுத்துப் பிட்டேன்.
அரிசிக் குருணை போல வெள்ளையாய்
ஒன்று சுருண்டு, நிமிர்ந்து, துள்ளி
என் மணிக்கட்டில் விழுந்தது.

வேலி தாண்டினேன்.
இந்த வயதில், பால்கார ஏணியோடு, கேட்காமல்.
விழுந்ததையும் விழாததையும் பறித்தேன்.
மண்ணில் புதைத்தால் மண்ணிலிருந்தே எழுந்து வரும்,
எனவே கறுப்புப் பைகள். எட்டு. வாய் கட்டி
அவர் வீட்டு சிமெண்டுத் தரையில் வெயிலுக்கு வைத்தேன்.
நாற்பத்தொரு டிகிரி.
ஒருமுறை மட்டும் காதை அருகே கொண்டுபோனேன்.
உள்ளே தூறல் விழும் சத்தம்.
மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

பிப்ரவரியில் நடைவண்டியோடு இறங்கினார்.
முதலில் மரத்தைப் பார்த்தார்.
"என் பிளம்?"
"நான்தான்."
"எல்லாமா?"
"எல்லாம்."
"நல்லது ஒன்றுகூட இல்லையா?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம்.
ஒவ்வொன்றையும் நான் பிட்டுப் பார்க்கவில்லை.
கிளையின் உச்சியில், எட்டாத இடத்தில்,
கன்னத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தவற்றையும்
கம்பால் அடித்துத்தான் பையில் போட்டேன்.
சொன்னேன்.

அவர் பேசவில்லை.
என் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்,
அதன் வழியே சாப்பாட்டு மேசையை,
கழுவாத கோப்பையை.
பிறகு வேலிக்கு மேல்
முக்காடு போட்டு நிற்கும் என் மரத்தை.

முடிச்சைத் தளர்த்தி, கையை மட்டும் உள்ளே விட்டு
ஒரு பீச் பறித்தேன்.
இந்த ஊரில் இப்போது யாரும் கடிப்பதில்லை.
கத்தியால் இரண்டாக்கி
வெளிச்சத்தில் பிடித்தோம், ஆளுக்கொரு பாதி.
கொட்டை கிடந்த பள்ளத்தில் சிவப்பு நரம்புகள்.
எதுவும் நெளியவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

தின்று முடித்து, சாற்றைச் சட்டையில் துடைத்து,
"பிளம் அளவுக்கு வராது" என்றார் டக்வெல்.
சொல்லிக்கொண்டே
என் கையிலிருந்த பாதிக்கும்
கை நீட்டினார்.